உள்ளங்கை நின்ற வரி

“மேடம், புள்ளி வரி தாண்டுது. தாண்டக் கூடாத இடத்தையும் தாண்டுது. எங்கேன்னுதான் பிடிபடல.”

ஆறுமுகநயினார் வந்து நின்றபோது பிலோமினா எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க, நயினார் சார்.”

நயினார் உட்காரவில்லை. உட்காருகிற நிலையிலா மனுஷன் இருந்தார்?

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஹெல்ப்டெஸ்க். எந்த வார்டில் எது பழுதானாலும் அங்கேதான் மெயில் வரும். மெயில் ‘டிக்கெட்’ என்கிற நம்பர் போட்ட புகார்ச் சீட்டாகும், டெக்னீஷியன் போவார், வேலை முடிந்ததும் வார்டிலிருந்து ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று பதில் வரும். அந்த வார்த்தையைத் தேடிப் பிடித்து டிக்கெட்டைத் தானாகவே மூடுகிற ரெஜெக்ஸை, அதாவது புள்ளியும் நட்சத்திரமுமாக எழுதுகிற தேடல் சூத்திரத்தை, எழுதியவர் நயினார்தான். அதே ஆஸ்பத்திரியின் ஸ்டோர்ஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த பிலோமினா வயதில் ஒரு மாமாங்கம் இளையவர்.

பிலோமினாவிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் கீபோர்டைத் தொடவே மாட்டார். சந்தேகம் கேட்டால் பதிலும் சொல்ல மாட்டார், திருப்பிக் கேள்விதான் கேட்பார். அடப்பாவமே, அவரிடம் போய்ச் சிக்கினோமே என்று நயினார் பல நாள் நொந்திருக்கிறார்.

“முதல்லேருந்து சொல்லுங்க” என்றார் பிலோமினா.

“டிக்கெட் நம்பர் ஒரு வரியில இருக்கும். ‘சரியாகிவிட்டது’ நாலு வரி தள்ளி இருக்கும். நடுவுல என்டர் தட்டிடுறாங்க. ரெஜெக்ஸ்ல வைக்கிற புள்ளி எந்த எழுத்தையும் பிடிக்கும், ஆனா வரி முடிஞ்சா நின்னுடும். அதனால ஒரு டிக்கெட்டும் மூடல.”

“அப்புறம்?”

“வரி தாண்டுற சுவிட்சைப் போட்டேன். எல்லா டிக்கெட்டும் மூடி, போர்டு முழுக்கப் பச்சை! மேனேஜர் கை தட்டினார்.”

“இப்ப?”

“இப்ப அவரே கத்துறார். ரத்த வங்கி சிஸ்டர் அனுப்புற டிக்கெட் தானா மூடிக்குதாம். அவங்க திரும்ப அனுப்புறாங்க, அது திரும்ப மூடுது. சாயங்காலத்துக்குள்ள ரெஜெக்ஸைச் சரி பண்ணலைன்னா பழையபடி ஸ்டோர்ஸுக்கே போகச் சொல்லிட்டார், மேடம்.”

வீட்டில் போய் எந்த முகத்தோடு சொல்வது?

பிலோமினா டிபன் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, நயினாரின் மேசைக்கு வந்தார். திரையில் ரத்த வங்கி மெயில் திறந்திருந்தது.

“சிஸ்டர் என்ன எழுதியிருக்காங்க?”

“டிக்கெட் நம்பர், அப்புறம் புள்ளி, நட்சத்திரம்...”

“அது நீங்க எழுதினது. அவங்க எழுதினதைக் கேட்டேன்.”

நயினார் குனிந்து பார்த்தார்.

“‘சரியாகிவிட்டது, நன்றி’ன்னு எழுதியிருக்காங்க.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“காலையிலேருந்து இதைத்தானே மேடம் பாத்துக்கிட்டிருக்கேன்! கண்ணே பூத்துப்போச்சு. நட்சத்திரத்தை மாத்திப் பாத்தேன், அடைப்புக்குறியை மாத்திப் பாத்தேன்...”

பிலோமினா சாப்பிட்ட கையோடு, எச்சில் கையென்றும் பார்க்காமல், திரையின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மூடினார்.

“இப்பப் படிங்க.”

நயினாருக்குச் சுருக்கென்றது. திரையில் கை வைக்கிற ஆளா இவர்?

“வாய்விட்டுப் படிங்க, சார்.”

நயினார் படித்தார்.

“ரத்தம் வைக்கும் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. அலாரம் அடிக்கிறது. மதியம் ஒரு பிரசவ ஆபரேஷனுக்கு இந்த ரத்தம் வேண்டும். உடனே யாராவது வாருங்கள்.”

அவ்வளவுதான். அதற்குக் கீழே பிலோமினாவின் கை.

நயினாருக்குப் பேய் அறைந்த மாதிரி ஆயிற்று.

“டெக்னீஷியன் யாரு போனாங்க?” என்றார் பிலோமினா.

“டிக்கெட்தான் மூடியிருக்கே...”

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. மூடிய டிக்கெட்டுக்கு யார் போவார்கள்?

பிலோமினா மறு கையால் போனை எடுத்து நீட்டினார்.

நயினார் வாங்கினார். இரண்டாவது தடவைதான் நம்பரைச் சரியாக அழுத்தினார்.

“ரத்த வங்கி, தமயந்தி பேசறேன்.”

“சிஸ்டர், ஹெல்ப்டெஸ்க்லேருந்து நயினார்...”

“அப்பாடா! அங்கே மனுஷங்க இருக்கீங்களா? நான் எழுத எழுத, ‘உங்கள் குறை தீர்ந்தது’ன்னு பதில் வருது. உங்க மேனேஜர்கிட்ட சண்டை போட்டேன், பாக்கச் சொல்லியிருக்கேன்னார். யாருங்க பாத்தீங்க? ரத்தத்தை ஐஸ் பெட்டிக்கு மாத்தி வச்சிருக்கேன். ஐஸ் கரையுது. அந்தப் பொண்ணை இப்பத்தான் தியேட்டருக்குக் கொண்டுபோறாங்க.”

“இதோ வர்றேன் சிஸ்டர். இதோ.”

டெக்னீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினால் போதும். நயினாருக்கு அது போதவில்லை. டெக்னீஷியனைக் கையோடு இழுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். ஸ்டோர்ஸ் பழக்கம் அப்போதுதான் உதவியது. மாற்று ஃப்ரிட்ஜ் எங்கே சும்மா கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“ரத்தம்?” என்றார் பிலோமினா. அவர் இன்னும் கை கழுவவில்லை. சாதம் டப்பாவில் காய்ந்துபோயிருந்தது.

“தப்பிச்சது மேடம். ஐஸ் முழுக்கக் கரையறதுக்குள்ள மாத்திட்டோம். ஒரு பை தியேட்டருக்குப் போயாச்சு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களாம்.”

சொன்ன பிறகுதான் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிலோமினா தடுக்கவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெயிலைக் கீழே வரை தள்ளிப் பார்த்தார். அங்கே கிடந்தது அந்த ‘சரியாகிவிட்டது, நன்றி’. எப்போதோ ஒரு பிரிண்டருக்காகச் சிஸ்டர் சொன்ன நன்றி. வார்டில் யாரும் புது மெயில் எழுதுவதில்லை. கைக்குக் கிடைத்த பழைய மெயிலைத் திறந்து, ‘பதில்’ என்பதை அழுத்தி, புதுக் குறையை அதன் தலையில் எழுதி அனுப்பிவிடுவார்கள். நயினாரும் ஸ்டோர்ஸில் இருந்த காலமெல்லாம் அப்படித்தான் அனுப்பினார்.

“சிஸ்டர் அலறினதைத் தாண்டிப் போய், பழைய நன்றியைப் பிடிச்சிருக்கு என் புள்ளி” என்றார் மெல்ல.

“உங்க புள்ளி மட்டுமா?”

நயினார் தலை குனிந்தார். மறுபடியும் மெயிலை மேலே கொண்டுவந்து வைத்தார். ரெஜெக்ஸைத் திறந்தார். விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன.

“மேடம், கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுக்காவது நேரா பதில் சொல்லுங்க. புள்ளியை எந்த இடத்துல நிறுத்தணும்?”

பிலோமினா பதில் சொல்லாமல் கை கழுவப் போனார்.

நயினார் திரையைப் பார்த்தார். பழைய மெயில் தொடங்குகிற வரியின் மேல், மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரு உள்ளங்கைத் தடம்.

அதை அவர் துடைக்கவில்லை.