மிச்சமிருக்கிற இடம்

மெல்போர்னின் புறநகர் ஒன்றில் ஒரு ஆஸ்திரேலியக் கால்பந்துக் கிளப். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆட்டம் அது. கிளப்பின் பயிற்சியாளர் சிவநேசன். முன்பு அதே கிளப்பில் பன்னிரண்டு வருடம் ஆடியவர். நடுக்களத்தில் ஆடினார். காவலனின் கால் முறிந்தபோது பின்னுக்குப் போனார். கோல் அடிப்பவன் கிளப்பை விட்டுப் போனபோது முன்னுக்கு வந்தார். அவர் நிற்காத இடம் மைதானத்தில் இல்லை. ஆண்டின் சிறந்த வீரர் என்று மட்டும் அவரை ஒருமுறையும் அழைத்ததில்லை.

நிரூபன் ஏழு வருடமாக அவரிடம் ஆடுகிறான். முன்வரிசைதான் அவன் இடம். அந்தப் பருவத்தில் தொண்ணூற்றாறு கோல் அடித்திருந்தான். நூறை அந்தக் கிளப்பில் யாரும் தொட்டதில்லை. இறுதிச் சுற்றுக்கு முன் மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்.

அந்த ஆட்டத்தன்று காலை கடைசிக் காவலனுக்குத் தோள் நழுவிவிட்டது.

"நிரூபன், நீ பின்னுக்குப் போ" என்றார் சிவநேசன்.

போனான். எதிரணி குறி தப்பும்போதெல்லாம் கடைசிக் காவலன்தான் பந்தை எடுத்து உள்ளே உதைக்க வேண்டும். அப்போது அவனுடைய ஆட்கள் பதினேழு பேரும் அவனைப் பார்த்துத் திரும்புவார்கள். அன்று பதினொரு தடவை அப்படித் திரும்பினார்கள். ஆறு புள்ளியில் வென்றார்கள். நிரூபன் ஒரு கோலும் அடிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு உடைமாற்றும் அறைக்கு வந்தான். சிவநேசன் ஈர ஜெர்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் வேற கிளப்புக்குப் போறன், அண்ணை."

"சரி."

"ஏன் எண்டு கேக்கமாட்டியளோ?"

"தெரியும்."

"உங்களுக்கு ஒருநாளும் இப்பிடி நடக்கேல்லையோ?"

"நடந்தது. மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவை. அண்டைக்குப் பார்த்து என்னை மூலையில விட்டிச்சினம். வந்தவை என்னைக் காணவேயில்லை. காருக்குள்ள இருந்து அழுதனான்."

"அந்த வலி போயிட்டுதோ?"

"இல்லை."

"அப்ப அதை ஏன் எனக்கும் தந்தனீங்கள்?"

சிவநேசன் ஒரு ஜெர்சியைப் பிழிந்தார். தண்ணீர் சிமெந்துத் தரையில் ஓடியது.

"பிரென்டனுக்கு எந்தக் காலில காயம்?" என்று கேட்டார்.

"இடது கால்" என்றான் நிரூபன், யோசிக்காமலே. "பாதி ஆட்டத்தில இருந்தே மறைச்சு மறைச்சு ஓடினவன். அதான் அவன்ர பக்கம் நான் பந்து குடுக்கேல்லை."

"புதுசா வந்த பெடியன்?"

"பந்து தன்னட்ட வந்திடுமோ எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டவன். வேணுமெண்டே ரெண்டு தரம் அவனுக்குக் குடுத்தன். மூண்டாம் தரம் அவனே கையை நீட்டினவன்."

"பிரென்டன் ஏழு வருசமா உனக்குப் பந்து தாறவன். அவன் ஓடுறதை இதுக்கு முதல் எப்பவாவது பார்த்தனியோ?"

நிரூபன் ஒரு ஈர ஜெர்சியை எடுத்துக் கூடையில் போட்டான்.

வெளியே யாரோ கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வாற சனி பைனல்ஸ் தொடங்குது" என்றான் கடைசியில், தாழ்ந்த குரலில். "அதில அடிக்கிறது நூறில சேராது. எண்டாலும் கேக்கிறன். என்னை முன்னுக்கு விடுவியளோ?"

சிவநேசன் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைக் கழற்றினார். அதிலிருந்த அன்றைய அணியின் பெயர்களை ஈர ஜெர்சியால் துடைத்தார். பலகையையும் பேனையையும் அவனிடம் நீட்டினார்.

"நீயே எழுது."

நிரூபன் வாங்கினான். பிரென்டனை மாற்று ஆட்களோடு எழுதினான். பெடியனை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தான். பிறகு பேனை நின்றுவிட்டது.

"அண்ணை, என்ர பேரை எங்க எழுத?"

சிவநேசன் ஜெர்சிக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

"மற்ற எல்லாரையும் எழுதி முடி, தம்பி. மிச்சமிருக்கிற இடத்தில எழுது."