கடைசி பெஞ்சு ஜன்னல்

தேரியின் செம்மணல் மேடு முடிந்து பனங்காடு தொடங்குகிற இடத்தில் அந்தக் கோயில் இருந்தது. அதற்குப் போதகர் மாசிலாமணி. அவரிடம் ஊழியம் படிக்க வந்தவர் உபதேசியார் ஞானதிரவியம். நாற்பத்தைந்து வயதில் பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அருமைநாயகம் இறந்துபோனார். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிடுகிறவர். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்க ஆராதனை.

"வாழ்க்கைக் குறிப்ப நீரே எழுதி வாசியும்" என்றார் போதகர்.

உபதேசியாருக்கு அதில் விருப்பமில்லை. காரணம் உண்டு. ஆனாலும் ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனார்.

பந்தலில் இருந்தவர்களிடம் கேட்டார்.

"அண்ணாச்சியப் பத்தி என்ன எழுதட்டும்?"

"நல்ல மனுஷன்."

"அதுக்கு மேல?"

"ரொம்ப நல்ல மனுஷன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஒரு சண்டையாவது போட்டிருந்தா ஏதாவது ஞாபகம் நிக்கும். அதுக்கும் வழி வைக்காமப் போயிட்டாரு."

உள்ளே மூத்த மகள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "கோயிலுக்கு நேரமாயிரும்னு எங்க மூணு பேருக்கும் அப்பாதான் சடை பின்னி விடுவாங்க. கோணலாத்தான் இருக்கும்."

மனைவி பாக்கியத்தாய் சுவரில் சாய்ந்திருந்தாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா அவங்களுக்கு இடது கை மரத்துப்போவும். தைலம் தேச்சு விடுவேன். என்னத்தப் போட்டுத் தூக்குனியன்னு கேட்டா சிரிப்பாவ. பாதிக் குப்பி அப்படியே இருக்கு."

இதையெல்லாம் கோயிலில் வாசிக்கவா முடியும்? பிறந்த தேதி, திடப்படுத்தல் எடுத்துச் சபையில் சேர்ந்த வருஷம், கல்யாணம், பிள்ளைகள். நாலு வரியில் பேனா நின்றுவிட்டது.

மணி ஒன்றரை. போதகர் வீட்டுக்கு ஓடினார்.

"நாலு வரிக்கு மேல வரமாட்டேங்குது, ஐயா."

போதகர் அவர் முகத்தைப் பார்த்தார். "வரி மட்டுமா வரல? வேற என்னமோ இருக்கு. சொல்லும்."

உபதேசியார் தாளைத் திருப்பித் திருப்பி மடித்தார்.

"ஈஸ்டருக்கு முந்துன லெந்து காலத்துல நான் ஒரு பிரசங்கம் பண்ணேன்லா. கர்த்தரோட வீட்டுல ஜன்னல் மேல கையப் போட்டுக்கிட்டுக் காத்து வாங்குறவங்களும் இருக்காங்கன்னு சொன்னேன். அண்ணாச்சியப் பாத்துத்தான் சொன்னேன். சபையே திரும்பிப் பாத்துச்சு."

"அவர் என்ன செஞ்சார்?"

"சிரிச்சாரு. கைய எடுக்கல. ஜெபத்துக்குக்கூட அவரு ரெண்டு கையையும் கூப்பி நான் பாத்ததில்ல, ஐயா. இப்ப அதே இடத்துல நின்னு என்னத்த வாசிக்க? முன் பெஞ்சுல அந்த அம்மா இருப்பாங்களே, அவங்க மூஞ்சியில எப்படி முழிக்க?"

போதகர் கோயில் பக்கம் கையைக் காட்டினார்.

"கோயில் தொறந்துதான் கிடக்கு. அவரு இடத்துல போய்ச் சித்த நேரம் இரும்."

உபதேசியார் போய் இருந்தார். ஆண்கள் பக்கம், கடைசி பெஞ்சு, இடது கோடி. பக்கத்து ஜன்னலைத் திறந்தார். ஓர் இலைகூட அசையவில்லை. ஜன்னல் கதவில் ஓர் இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, பச்சைப் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.

அப்படியானால் வாரம் தவறாமல்தான் கையைப் போட்டிருக்கிறார். நான் சொன்னதில் தப்பில்லையோ? அந்த நினைப்பு வந்தும் பேனா நகரவில்லை. தாளில் நாலு வரி நாலாகவே இருந்தது.

"எழுதியாச்சா?" என்று வாசலில் போதகர் கேட்டார்.

"இல்ல, ஐயா."

"இருக்கிறத வாசியும்."

நாலு மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. கரண்ட் இல்லை. கோயில் வேலை பார்க்கிற தாசன் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டான். பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் இறக்கினார்கள். உபதேசியார் எழுந்து பீடத்தில் ஏறினார். முன் பெஞ்சைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார்.

"மறைந்த நம் சகோதரர் அருமைநாயகம் அவர்கள்..."

படார் என்று ஒரு சத்தம். எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மேலக்காற்று எழும்பியிருந்தது. கடைசி பெஞ்சு ஜன்னல் கதவு தானாகத் திறந்து, மறுபடி வந்து அறைந்தது.

உபதேசியார் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். படார்.

"என்னடா சத்தம் அது?" என்றார் காது மந்தமான ஒரு பெரியவர். "அம்பது வருஷமா இங்கதான் இருக்கேன். இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லையே."

தாசன் ஓடிப்போய்க் கதவைத் தடவிப் பார்த்தான். "கதவ மாட்டி வைக்கிற கொக்கியே இல்ல, ஐயா. எப்பப் போச்சுன்னும் தெரியல."

அவன் கையை எடுத்ததும் கதவு மறுபடி அறைந்தது.

முன் பெஞ்சில் பாக்கியத்தாய் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, மடியில் கிடந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

உபதேசியார் பீடத்திலிருந்து இறங்கினார். பெட்டியைத் தாண்டி, பெஞ்சுகளைத் தாண்டி, கடைசிக்குப் போனார். கதவைச் சுவரோடு தள்ளி, பெயிண்ட் போன இடத்தில் இடது கையை வைத்தார். காற்று தள்ளியது. முழங்கை வரைக்கும் நடுங்கியது. விடவில்லை.

கோயிலில் சத்தமே இல்லை.

"ஐயா" என்றார் அங்கிருந்தே. "வாசிப்பு பாதியில நிக்குதே."

"நிக்கலியே, உபதேசியாரே" என்றார் போதகர். "நீர் கைய மட்டும் எடுத்துராதேயும்."