மணி ஏறிய நாளில் கேட்ட சத்தம்

இன்னாசிமுத்து ஐம்பது வயதுக்கு மேல் லத்தீன் கற்கச் சேர்ந்தவர். கற்றுக்கொடுத்த கன்னியாஸ்திரி எமரன்சியா அவரைவிட இளையவர். அதனால் குரு சீடனை 'சார்' என்பார், சீடன் குருவை 'சிஸ்டர்' என்பார். மடத்து நூலகத்தின் மாடியில் பாடம் நடக்கும்.

அன்று இன்னாசிமுத்து முகம் வாடி வந்தார்.

அவர் ஊர் மாதா கோயிலில் முதன்முதலாக மணி ஏற்றிய நாளைப் பற்றி வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார். அதைத் தமிழாக்கித் திருவிழாவில் வாசிப்பதாக இன்னாசிமுத்து ஊராரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார். மணி மேலே போனதும் பெண்கள் எல்லாரும் 'உலுலேட்' செய்தார்கள் என்று இருந்தது.

அவரிடமிருந்த ஆங்கில அகராதி, ஓலமிடுதல் என்றது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு ஓலம் என்று உறுத்தியது. எழுதியவர் லத்தீன் படித்த சாமியாராயிற்றே, லத்தீனில் தேடினால் தெளியும் என்று நினைத்தார். 'உலுலாரே' என்ற வினைச்சொல் கிடைத்தது. ஓநாய் ஊளையிடுவதற்கும் அதே சொல்லாம். விடாமல் தோண்டினார். பக்கத்திலேயே 'உலுலா' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. அது ஆந்தை.

"ஓலத்துல ஆரம்பிச்சு ஆந்தையில வந்து நிக்குது, சிஸ்டர்" என்றார். "எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு அந்த மணியே பிடிக்கலையோ? இதை எப்படி அவங்க பேத்திங்க முன்னாடி வாசிப்பேன்?"

எமரன்சியா அவர் நீட்டிய தாளை வாங்கவில்லை. அந்த லத்தீன் சொல்லை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்.

"உலுலாரே."

"'ரே'ங்கிற வாலை விட்டுடுங்க. வேகமா, விடாம சொல்லுங்க."

அவர் சொல்லிப் பார்த்தார். கோழி கொக்கரிப்பதுபோல் வந்தது. வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

எமரன்சியா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். வாயருகே கையை வைத்து, மூச்சை இழுத்து, நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குலவை போட்டார்.

படித்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. நூலகர் எழுந்து நின்றுவிட்டார்.

கீழே முற்றத்தில் மறுநாள் விருந்துக்குப் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன, ஏது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வழிய, முழுக் கூட்டமும் பதிலுக்குக் குலவை போட்டது. அதன் பிறகுதான் ஒருத்தி மேலே பார்த்து, என்ன விசேஷம் என்று விசாரித்தாள்.

"சாரோட ஊர்ல மணி ஏத்திட்டாங்க" என்றார் எமரன்சியா.

அதற்கு இன்னொரு குலவை வந்தது. முந்தியதைவிட நீளம்.

இன்னாசிமுத்து எழுந்து வந்தார். ஜன்னல் கட்டையிலேயே தாளை வைத்து 'ஓலமிட்டார்கள்' என்பதை அடித்தார். 'குலவையிட்டார்கள்' என்று எழுதினார். எழுதியதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார். ஆனாலும் மாணவர் அல்லவா, ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"ஆங்கிலம் லத்தீன்லேருந்து எடுத்துச்சு. சரி. லத்தீன் எங்கேருந்து எடுத்துச்சு, சிஸ்டர்? எல்லாத்துக்கும் மூலம் எது?"

எமரன்சியா ஜன்னலை மூடவில்லை.

"நாக்குதான், சார்."