ஆறு மணிக்கு வர்ற ஆள்

"டீச்சர், என் மூளை கெட்டுப்போச்சு. அதுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்றார் சின்னமாயன்.

சின்னமாயனுக்கு ஐம்பத்தொரு வயது. தேனி வண்டியில் கண்டக்டர். குடிநோய் மீட்பு இல்லத்துக்கு அவர் வந்தது இது மூன்றாம் தடவை. இந்தத் தடவை கொண்டுவந்து விட்ட மனைவி ஒச்சம்மா கேட்டிலேயே சொல்லிவிட்டாள். "பாதியில ஓடியாந்தா வீட்டுப் பக்கம் வராதீங்க. கதவு திறக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், ஒச்சம்மா. அது அவருக்கும் தெரியும்.

டீச்சர் பிலோமினாவுக்கு வயது முப்பத்திமூன்று. இல்லத்தில் யார் யார் என்ன சாப்பிட வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. டாக்டர் மாத்திரை எழுதுவார், இவள் முட்டையும் மீனும் பயறும் எழுதுவாள். அப்பன் வயசுக்காரர்கள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது.

"டாக்டர்தான் மாத்திரை குடுக்கிறாரேண்ணே."

"அதை ஒருவேளை விடாம முழுங்குறேன். ஆனா சாயங்காலம் ஆறு மணியானா வந்துருது டீச்சர். கை நடுங்குது. எதிர்ல வர்றவனைக் கடிச்சுக் குதறலாம்போல இருக்கு. நாப்பது நாளாச்சு. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. நான் விடிஞ்சதும் ஒழுங்காத்தான் இருக்கேன். பொழுது சாஞ்சாத்தான் போச்சு. இன்னைக்கு வந்துச்சுன்னா செவரேறிக் குதிச்சிருவேன்."

மனுசன் மிரட்டவில்லை. பயந்துபோய்ச் சொன்னார்.

"காலையில வருதா?"

"இல்ல."

"மத்தியானம்?"

"சாப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் சத்தமே இல்ல."

"மூளை கெட்டுப்போயிருந்தா காலையிலயும் கெட்டுத்தானே இருக்கணும்?"

சின்னமாயன் மோவாயைத் தடவினார்.

"ஆமால்ல?"

குதிக்கப் போகிறவர் குதிப்பதை மறந்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.

"அப்ப உள்ளுக்குள்ள என்னதான் டீச்சர் நடக்குது?"

பிலோமினா அவரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"சோறாக்குங்கண்ணே."

"அரிசி எங்க?"

"அரிசி கிடையாது."

"நல்ல கூத்தா இருக்கே! அரிசி இல்லாம என்னத்தை ஆக்குறது?"

"உங்க மூளையும் அதைத்தான் கேக்குது."

அவர் உலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மனசு தெம்பா இருக்க மூளை தானே உள்ளுக்குள்ள ஒரு சரக்கு காய்ச்சுதுண்ணே. பருப்பு, பயறு, முட்டையில இருக்கிற சத்தை எடுத்துத்தான் காய்ச்சுது. நீங்க இருபது வருசம் வெளிச்சரக்கை ஊத்துனீங்க. நமக்கென்ன வேலைன்னு அது அடுப்பைத் தணிச்சுருச்சு."

"திரும்ப எரியுமா?"

"எரியும். மெதுவாத்தான் எரியும்."

"நான் நல்லாத்தானே சாப்பிடுறேன்! காலையில நீங்க வைக்கிற ரெண்டு முட்டையை என்னைக்காவது மிச்சம் வச்சிருக்கேனா?"

அப்போது மணி அடித்தது. ஐந்தரை மணிப் பயறு.

சின்னமாயனுக்குப் பக்கத்துக் கட்டில்காரன் தங்கபாலு வரிசையில் நின்றான். இரண்டு கிண்ணம் அவித்த பயறு வாங்கிவந்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டையும் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டான்.

"ரெண்டாவது யாருக்குடா?" என்றாள் பிலோமினா.

"அண்ணனோடது டீச்சர். அவருக்கு வேணாமாம். தெனமும் எனக்குத்தான்." தங்கபாலு வயிற்றைத் தட்டிக்காட்டினான். "தொப்பை போட்டுருச்சு, பாருங்க!"

பிலோமினா திரும்பினாள்.

"ஏண்ணே?"

"சாயங்காலம் நான் எதுவும் தொடமாட்டேன் டீச்சர். பழக்கம்."

"யாரு பழக்குனா?"

"யாரு பழக்கணும்? வெறும் வயித்துல போட்டாத்தான் ஏறும். டூட்டி முடியுற நேரம் வயித்தைக் காலியா வச்சுக்குவேன். வடை வாங்கிக் குடுத்தாக்கூட டிரைவர் பக்கம் தள்ளி விட்டுருவேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என்ன சொல்வது!

"குடியை விட்டாச்சுல்லண்ணே?"

"விட்டாச்சு."

"அப்புறம்?"



சுவர்க்கடிகாரத்தில் ஐந்தே முக்கால். சின்னமாயனின் பார்வை ஜன்னல் வழியாக மதில் பக்கம் போய்ப் போய் வந்தது. மதில் ஒன்றும் உயரமில்லை. ஏற்கெனவே ரெண்டு தடவை ஏறிக் குதித்தவர்தான்.

பிலோமினா தடுக்கவில்லை. நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க வண்டியில ஒரு சீட்டுல துண்டு கெடக்கு. ஆளைக் காணோம். என்ன அர்த்தம்?"

"இடம் போட்டிருக்குன்னு அர்த்தம். ஆள் வரப்போறான்."

"வராமப் போயிருவானா?"

"அதெப்பிடி? துண்டு கெடந்தா எங்க சுத்தியும் வந்துருவான். டீக்கடையில நிப்பான், வண்டி கெளம்புறப்போ ஓடிவந்து ஏறி, நேரா அந்த எடத்துலதான்..."



அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

"அடப்பாவி, வயித்தைக் காலியா வச்சு அந்தாளுக்குத் துண்டு போட்டதே நீதானா" என்றார், தன்னைத்தான்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார். மதில் பக்கம் இல்லை. தங்கபாலுவுக்கு எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"டேய், அந்தக் கிண்ணத்தை இங்க தள்ளு."

"என்னண்ணே, திடீர்னு?"

"சீக்கிரம் தள்ளுடா. அந்தாளு வர்றதுக்குள்ள பயறு ஒக்காந்துக்கட்டும்."