எங்க நாயும் நம்ம நாயும்

எந்த வருஷம் என்று யாருக்கும் நினைவில்லாத அத்தனை பழைய காலம் அது. செம்மணல் காற்றில் புரளும் பனங்காட்டு நாட்டில் கூவைக்குடி என்று ஓர் ஊர் இருந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஊரில் ஆறு கிடையாது, நெல் கிடையாது. பனை இருந்தது. பனையை நம்பிச் சனம் இருந்தது.

அந்தச் சனத்தில் ஒருவன் பலவேசம். அவனுக்கு முப்பது பனை. பாளை விடும் காலம் வந்துவிட்டால் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் முப்பது மரத்திலும் ஏறி, பதனீர் ஊறப் பாளையைச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை வாடும். மூன்று நாள் விட்டால் ஊறுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்ளும். அப்புறம் அடுத்த வருஷம்தான். இறக்கிய பதனீரை அவன் பெண்டாட்டி சிவனணைஞ்சி காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். கருப்பட்டியைக் கொடுத்து மேற்கேயிருந்து வரும் வண்டிக்காரர்களிடம் தானியம் வாங்குவார்கள். மூன்று மாதம் ஏறினால் பன்னிரண்டு மாதம் கஞ்சி.

அதே ஊரில் பெரிய வீட்டுக்காரர் கோட்டையப்பர். அவரிடம் கட்டாரி என்று ஒரு நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம், கரிய நிறம்.

கட்டாரி ஒரு தரம் ஆட்டுப்பட்டியில் புகுந்த ஓநாயைக் கொன்றது. "யாரு நாய்?" என்று ஊர் கேட்டது. "எங்க நாய்" என்றார் கோட்டையப்பர். அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

ஒரு தரம் தானியக் குதிரில் கைவைத்த கள்ளனைப் பிடித்தது. "யாரு நாய்?" என்று ஊர் கேட்டது. "எங்க நாய்" என்றார். அவருக்கு மாலை போட்டார்கள்.

ஒரு தரம் மழைக்காலத்தில் ஏரிக்கரை உடையப்போவதைக் குரைத்துக் காட்டியது. "எங்க நாய்" என்றார். கோயில் கொடை விழாவில் முதல் மரியாதை அவருக்கே என்று ஊர் எழுதிக் கொடுத்தது.

அந்த வருஷம் பாளை விட்டு ஒன்பதாம் நாள். பெரிய வீட்டுக்கென்று ஒரு கலயம் பதனீர் கொண்டுபோனான் பலவேசம். ஆக்ரோஷம் குறையக்கூடாது என்று கட்டாரிக்கு இரண்டு நாளாகச் சோறு வைக்காமல் விட்டிருந்தார்கள். சங்கிலியும் போடவில்லை. வாசலில் அவன் கால் வைத்ததுதான் தெரியும். கலயம் உடைந்தது. கைக்கு அகப்பட்ட கம்பால் அடித்த பிறகுதான் அது விட்டது. வலது கெண்டைக்காலில் ஒரு கைப்பிடிச் சதை தொங்கியது.

பனையேறிக்குக் கெண்டைக்கால் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தைப் பிடிப்பது கை. மனிதனைத் தூக்குவது கெண்டைக்கால்.

கோட்டையப்பர் ஓடி வந்தார். அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "ஐயய்யோ, பலவேசம்! நம்ம நாய் இப்படிப் பண்ணிருச்சேடே!" என்றார்.

நம்ம நாய். அந்தச் சொல் பலவேசத்துக்குத் தேன் மாதிரி இறங்கியது. பெரிய வீட்டுக்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதுவரைக்கும் வந்ததில்லை. வலிக்கு நடுவிலும் கையைக் கூப்பினான். "இருக்கட்டும் ஐயா. நம்ம நாய்தானே" என்றான். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்று கேட்டார்கள்.

மரியாதைக்குச் சொன்ன சொல். அந்த நாட்டில் யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் சிவனணைஞ்சி பச்சிலை அரைத்துக் கட்டினாள். "முப்பது மரம் நிக்குது. நம்ம நாயாம், நம்ம நாய்! அவுக வீட்டுத் திண்ணையில நம்மள உக்கார வச்சாகளா என்னைக்காவது?" என்றாள்.

"சும்மா இரு. பெரிய மனுசர் கைவிட மாட்டாரு" என்றான் பலவேசம்.

ஊர்ப் பனையேறிகள் தங்கள் மரத்தை முடித்துக்கொண்டு, இருட்டும்வரை பலவேசத்தின் மரங்களில் ஆளுக்கு ஒன்றிரண்டு ஏறிக் கொடுத்தார்கள். அப்படியும் இருபதுதான் முடிந்தது. பத்துப் பனை கண்ணை மூடிக்கொண்டது.

பலவேசம் கம்பை ஊன்றிப் பெரிய வீட்டுக்குப் போனான். பொன் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. "ஐயாகிட்ட அஞ்சு பனையேறிக இருக்காக. என் கால் ஆறுற வரைக்கும் அவுகள என் மரத்துல ஏறச் சொல்லுங்க. காலுக்குக் கால். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

கோட்டையப்பர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "நீயே சொன்னியடே, நம்ம நாய்னு. எனக்குப் பாதி, உனக்குப் பாதி. தன் நாய் தன்னைக் கடிச்சா யாரு யாருக்கு ஈடு குடுக்கிறது? நீ கம்பால அடிச்சதுல அதுக்கு விலா வேற வீங்கியிருக்கு. அதை நான் கேட்டேனா?"

பலவேசம் கம்பை ஊன்றித் திரும்பினான். வந்த வழியே நடந்தான். வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே வாய்க்குள் புரட்டிப் பார்த்தான். தேன் மாதிரி இறங்கியது இப்போது முள் மாதிரி நின்றது.

ஊர்ச்சபைக்குப் போனான். சபையார் சாட்சிகளை அழைத்தார்கள். சாட்சிகள் பொய் சொல்லவில்லை. "ஆமா, பலவேசம் நம்ம நாய்தானேன்னு சொன்னான். எங்க காதால கேட்டோம்" என்றார்கள். சபையார் தரையைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் கோட்டையப்பரிடம் தானியம் கடன் வாங்கியிருந்தவர்கள். "சொன்னது சொன்னதுதானேப்பா" என்று எழுந்துவிட்டார்கள்.

இதற்குள் உதவிக்கு வந்த பனையேறிகளும் ஓய்ந்துபோனார்கள். அவர்களுக்கும் கால் இரண்டுதானே. இன்னும் பத்துப் பனை கண்ணை மூடியது.

புண் உள்ளே பழுத்தது. இரவெல்லாம் காய்ச்சல். பகலில் குடிசை வாசலில் கிடந்து மரங்களை அண்ணாந்து பார்ப்பான். காய்ந்த பாளைகள் காற்றில் உரசும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிவனணைஞ்சி அடுப்பில் வேலையில்லாமலே ஏதாவது ஒரு பாத்திரத்தை நகர்த்துவாள், அவன் காதில் அது விழக்கூடாதென்று.

நாட்டை ஆண்ட அரசி வருஷத்துக்கு ஒருமுறை தன் நடுவரை ஊர் ஊராக அனுப்புவாள். அவர் கூவைக்குடிக்கு வந்து சேர்ந்தபோது மிச்சமிருந்த பத்துப் பனையும் வாடிக்கொண்டிருந்தது. பலவேசத்தைக் கட்டிலோடு ஊர்ச்சபைக்குத் தூக்கிவந்து போட்டார்கள். கட்டாரியையும் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

நடுவர் மெலிந்த மனிதர், மெல்லப் பேசுகிறவர். இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு பலவேசத்திடம், "நம்ம நாய் என்று சொன்னாயா?" என்றார்.

"சொன்னேன் ஐயா."

"ஏன் சொன்னாய்?"

"அவுக அப்படிச் சொன்னாக ஐயா. மறுத்துச் சொன்னா அவுக மனசு சங்கடப்படுமேன்னு சொன்னேன்" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை.

"சரி. நாய் இருவருக்கும் பொது. அப்படித்தானே, கோட்டையப்பரே?"

"அதேதான் ஐயா. நான் ஒண்ணு பேசி மாத்துற ஆள் இல்ல" என்றார் கோட்டையப்பர்.

"அப்படியானால் இத்தனை வருஷம் உம் வாசலில் இருந்தது போதும். இனி பலவேசத்தின் முறை. அதன் பேரால் வந்த பரிவட்டமும் மாலையும் முதல் மரியாதையும் நாய் எங்கே இருக்கிறதோ அங்கே. பலவேசம், கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ."

கடித்த நாயின் கயிற்றைக் கடிபட்டவன் கையில் கொடுத்தார்கள். கம்பை ஊன்றி எழுந்தான். ஓர் அடி வைத்தான். கட்டாரியும் ஓர் அடி வைத்தது. அவன் நொண்டி நின்றபோது அதுவும் நின்றது. அதற்கு யாரிடமும் பகை இல்லை. பசிதான் இருந்தது. இடுப்பு மடியில் வைத்திருந்த கருப்பட்டித் துண்டைப் பலவேசம் எடுத்துப் போட்டான். தின்றுவிட்டு அவன் கையை நக்கியது.

இரண்டாம் அடி வைத்தான். கோட்டையப்பர் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். மூன்றாம் அடி. ஊர் முழுக்க வழிவிட்டு ஒதுங்கியது, நாயோடு போகிற பலவேசத்துக்கு. யாரோ ஒருவன் தோளிலிருந்த துண்டைக்கூட இறக்கினான்.

அது கோட்டையப்பர் கண்ணில் பட்டது.

"ஏலே, விடுலே கயித்தை! அது எங்க நாய்லே!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த சொல் எது என்று அவருக்குத் தெரிந்தது.

"இப்போதுதான் நாய்க்கு உடையவர் கிடைத்தார்" என்றார் நடுவர். "மரியாதை வரும்போது 'எங்க', கடிக்கு ஈடு கேட்டால் 'நம்ம'. உம் பனையேறிகள் ஐவரும் பலவேசத்தின் கால் ஆறும்வரை அவன் முப்பது மரமும் ஏறட்டும். மூடிப்போன மரங்களுக்கு, அடுத்த பாளை வரும்வரை உம் குதிரிலிருந்து அவன் வீட்டுக்குத் தானியம் போகட்டும். இன்றைக்கே."

ஐந்து பேரும் அன்று மாலையே ஏறினார்கள். மிச்சமிருந்த பத்துப் பனையில் மூன்றின் பாளைதான் ஊறியது. மற்றவற்றுக்குக் காலம் பிந்திவிட்டது.

ஊரை விட்டுப் புறப்படுமுன் நடுவர் பலவேசத்தின் குடிசைக்கு வந்தார். "கேட்டதெல்லாம் வந்ததா? ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்" என்றார்.

பலவேசம் மரத்தை அண்ணாந்து பார்த்தான். "உச்சியில நின்னா, கிழக்கே கடல் ஒரு கோடு மாதிரித் தெரியும் ஐயா. பொழுது விடியுறப்ப அந்தக் கோடு பத்திக்கிட்டு எரியும். தினமும் பாத்தேன். அதுக்கு ஈடு என்ன ஐயா?"

நடுவரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அதற்கு என்னிடம் தீர்ப்பு இல்லையப்பா" என்றார். தலை குனிந்து வண்டியில் ஏறினார்.

பலவேசத்தின் கால் ஆறவே இல்லை. தீர்ப்பும் அதனால் முடியவே இல்லை. வருஷா வருஷம் பெரிய வீட்டு ஆட்கள் வந்து முப்பது மரமும் ஏறி இறக்கிக் கொடுத்தார்கள். அடுப்பு எரிந்தது, கஞ்சி இருந்தது. பலவேசம் மரத்தடியில் உட்கார்ந்து கலயம் வாங்கி வைத்தான். கடலை அதற்குப்பின் அவன் பார்க்கவில்லை.

ஒரு நாள் அந்த வழியாகப் போன கோட்டையப்பர், பழசை மறந்தவர் போல நின்றார். "என்னடே பலவேசம், நம்ம பனை இந்த வருஷம் நல்லா ஊறுது போல?" என்றார்.

பலவேசம் கலயத்தைக் கீழே வைத்தான். "எந்த நம்ம, ஐயா?" என்றான்.

கோட்டையப்பர் நடையைக் கட்டினார். அன்றிலிருந்து கூவைக்குடியில், பெரிய மனிதர் யாராவது இனிக்க இனிக்க 'நம்ம' என்று தொடங்கினால், கேட்கிறவர்கள் உடனே தலையாட்டுவதில்லை. "எந்த நம்ம?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஆட்டுகிறார்கள்.

அதனால் கேட்டவர்களே, மனதில் வையுங்கள்: ஒன்றால் வரும் பெருமையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவன், அதனால் வரும் தீங்கையும் தனக்கென்று, காலம் பிந்தாமல், ஏற்றுக்கொள்ள வேண்டும்.