சாகாத புழு கேட்டவர்

பூச்சிமருந்துக் கம்பெனியின் தலைமை விஞ்ஞானி ஞானப்பிரகாசம், விவசாயிகளைக் கூட்டி உட்காரவைத்துவிட்டு, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வளர்த்த முட்டைக்கோஸ் புழுக்கள்மேல் தன் மருந்தைத் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சுருண்டு செத்தன.

"மருந்தை முறிக்கிற புரதம் புழு உடம்புலயே ஊறுதுன்னு ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணுதாமே, எங்கம்மா அது?" என்று கேட்டார்.

ஆராய்ச்சி மாணவி மதிவதனி எழுந்து நின்றாள்.

"இதுக்குச் சாகாத புழு ஒண்ணு கொண்டா பார்ப்போம். இல்லேன்னா எங்க கம்பெனி தர்ற உதவித்தொகை நின்னுடும். ஊருக்குப் போய் மாடு மேய்க்கலாம்."

"எங்கேருந்து வேணா கொண்டு வரலாமா சார்?"

"சொர்க்கத்துலேருந்து கூடக் கொண்டா."

அவ்வளவு தூரம் அவள் போகவில்லை. சீக்கிரமே ஒரு முட்டைக்கோசோடு திரும்பினாள். அதிலிருந்த புழுக்கள்மேல் ஞானப்பிரகாசமே தெளித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். புழுக்கள் தலைகுளித்து வந்தவைபோல நெளிந்துவிட்டு, மறுபடியும் இலையைத் தின்ன உட்கார்ந்தன.

"எந்த ஊர்ப் புழு இது?"

"பக்கத்துல உங்க கம்பெனியோட மாதிரித் தோட்டம் இருக்கே, அங்கத்துப் புழு சார். அங்க வாராவாரம் உங்க மருந்துதான். புரதம் கம்மியா இருந்ததெல்லாம் செத்துப்போச்சு, அதிகமா இருந்தது மட்டும் பிழைச்சுப் பெருகிடுச்சு. எங்க ஆய்வுக்கூடத்துப் புழு பாவம், மருந்தையே பார்த்ததில்ல."

"உன்னை யாரு உள்ள விட்டது?"

"'விவசாயிகளே, வந்து பாருங்கள்'னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்க. எங்கப்பாவும் விவசாயிதான் சார்."

விவசாயிகள் சிரித்தார்கள். ஒருவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"உதவித்தொகை நிக்காதுல்ல சார்?"

அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

"நிக்காதும்மா," என்று மருந்துப் பாட்டிலை மூடினார் ஞானப்பிரகாசம்.