தொட்டிக்கு எத்தனை கிராம்?

கணக்கில் கெட்டிக்காரர்கள் இந்தக் கதை முடியும்வரை போனைக் கீழே வைத்துவிடுங்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் இந்தக் கதையே வந்தது.

கொளத்தூரில் ஒரு மொட்டைமாடியில் தணிகைவேலும் அவர் தம்பி லோகநாதனும் கலர் மீன் பண்ணை நடத்திவந்தார்கள். நடத்தியது அவர்கள், பார்த்துக்கொண்டது தணிகைவேலின் மனைவி குணசுந்தரி. ஆறு தொட்டிகளில் குஞ்சு எடுக்க வளர்க்கும் தாய் மீன்கள். குஞ்சாக வந்த நாளிலிருந்து இரண்டு வருடமாக அவள் கையால் இரை தின்று வளர்ந்தவை. எது முன்கோபி, எது சாப்பாட்டு ராமன் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

அண்ணன் தம்பி இருவருக்கும் வாதம் என்பது தீராத வியாதி. பரோட்டாவை எட்டாக வெட்டுவதா ஆறாக வெட்டுவதா என்று ஆரம்பித்தால், முடிவதற்குள் சால்னா ஆறிப்போகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குணசுந்தரி ஒருநாள் விதி போட்டாள். இனி எந்தக் கணக்கில் சண்டை வந்தாலும் போனில் இருக்கும் கணக்குச் செயலியைக் கேட்க வேண்டும். போன்கள் முரண்பட்டால் எந்த விடை அதிகத் தடவை வருகிறதோ அதுவே தீர்ப்பு. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. மூவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். எட்டு மாதம் வீடு நிம்மதியாக இருந்தது.

ஒன்பதாம் மாதம் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டது. மீன் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒரு மாலையில் அவசரமாக வந்தார். மறுநாள் காலை அவர் அந்தமானுக்குக் கப்பல் ஏற வேண்டும். அண்ணன் தம்பி வெளியே போயிருந்தார்கள். ஆறு தொட்டிகளையும் பார்த்துவிட்டு, தன் தராசிலேயே மருந்துத் தூளை நிறுத்து, ஒரு பொட்டலமாகக் கட்டி குணசுந்தரியிடம் கொடுத்தார்.

“நாளைக்குக் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு தடவை போடுங்கம்மா. அப்புறம் மூணு நாள் விடாம போடணும். பொட்டலத்துல துளி மிச்சம் வைக்காதீங்க. குறைஞ்சா நோய் நிக்காது, கூடிட்டா மீன் நிக்காது. தொட்டிக்கு எவ்வளவுன்னு மெசேஜ் அனுப்பறேன்” என்றார்.

விடிந்ததும் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது: “தொட்டிக்கு 72÷6(1+3) கிராம்.” விடையைப் போடச் சோம்பல், படித்த மனிதர் அல்லவா! திருப்பிக் கூப்பிடுவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. இனி மூன்று நாளைக்கு அவர் போன் எடுக்காது.

தணிகைவேல் தன் போனில் தட்டினார். அது இடமிருந்து வலமாகப் போய், எழுபத்திரண்டை ஆறால் வகுத்து, வந்த பன்னிரண்டை நான்கால் பெருக்கி, நாற்பத்தெட்டு என்றது. லோகநாதனின் போனில் இருந்தது வேறு செயலி. அது ஆறையும் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் ஒரே கட்டாகச் சேர்த்து இருபத்துநான்கு ஆக்கி, எழுபத்திரண்டை அதால் வகுத்து, மூன்று என்றது.

“மூணு கிராமா? அது பல்லு தேய்க்கக்கூடப் பத்தாதுடா!”

“நாப்பத்தெட்டு போட்டா மீனெல்லாம் கருவாடுதான், ண்ணா!”

இன்னும் மூன்று செயலிகளை இறக்கிக் கேட்டார்கள். இரண்டு நாற்பத்தெட்டு என்றன, ஒன்று மூன்று என்றது. ஆக, நாற்பத்தெட்டுக்கு மூன்று ஓட்டு, மூன்றுக்கு இரண்டு. லோகநாதன் முகம் கறுத்தது. ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே, வாயை மூடிக்கொண்டான்.

தணிகைவேல் சின்னத் தராசில் நாற்பத்தெட்டு கிராம் நிறுத்துக் கிண்ணத்தில் கொட்டினார். “ஒரு தொட்டிக்கே பொட்டலத்துல மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. டாக்டருக்கு இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது. குணா, நீ இதை முதல் தொட்டியில போடு. நான் கடைக்குப் போய் மிச்சத்துக்கு வாங்கியாறேன்” என்று கிண்ணத்தை அவள் கையில் திணித்துவிட்டு இறங்கினார்.

குணசுந்தரி கிண்ணத்தோடு முதல் தொட்டியருகே நின்றாள். அவள் நிழல் விழுந்ததும் இரை வந்துவிட்டதென்று மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. வெயில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. போடாவிட்டால் நோய் கொன்றுவிடும். போட்டால் தானே கொன்றுவிடுவோமோ என்று பயம். வாயைத் திறந்து கேட்கலாமென்றால், திறக்கக் கூடாதென்று சட்டம் போட்டவளே அவள்தான். தான் வைத்த பூட்டுக்குள் தானே அகப்பட்டு நின்றாள்.

பிறகு சட்டென்று திரும்பினாள். கிண்ணத்திலிருந்த தூளைப் பொட்டலத்திலேயே கொட்டினாள். பொட்டலத்தை முழுதாகத் தராசில் வைத்து நிறுத்தாள். முள்ளைப் பார்த்தாள். அதன்பின் தொட்டிக்கு மூன்று மூன்று கிராமாக ஆறு தொட்டிக்கும் போட்டு முடித்தாள்.

தீர்ப்பை ஏற்றுக் கடைக்கு ஓடியவர் ஒருவர். சரியான எண்ணைச் சொல்லிவிட்டு, சத்தியத்துக்காக வாய்மூடி நின்றவர் ஒருவர். தானே போட்ட விதியைத் தானே மீறியவள் ஒருத்தி. இவர்களில் யார் செய்தது சரி? மூன்று கிராம்தான் என்று அவளுக்குச் சொன்னது எது?

விடை: அவள் செய்தது சரி. சொன்னது பொட்டலம். அதன் எடை சரியாக எழுபத்திரண்டு கிராம். ஆறு என்பது தொட்டிகள், ஒன்று என்பது முதல் நாள், மூன்று என்பது அடுத்த மூன்று நாள். தொட்டிக்கு மூன்று கிராம் வீதம் ஆறு தொட்டிக்கு நான்கு நாள் போட்டால்தான் துளியும் மிஞ்சாது. நாற்பத்தெட்டு என்றால் முதல் நாளுக்கே அதுபோல் நான்கு பொட்டலம் வேண்டும். பொட்டலம் பத்தவில்லை என்று தணிகைவேல் முணுமுணுத்தாரே, விடை அங்கேயே இருந்தது. செயலிகளுக்கு எண்கள் தெரியும், தொட்டிகள் தெரியாது. நான்காம் நாள் பொட்டலம் காலியானது, மீன்கள் தேறின. லோகநாதன் மட்டும், “என் போன் அன்னைக்கே சொல்லுச்சே அண்ணி” என்று நெஞ்சை நிமிர்த்தினான். “ரெண்டு பேர் போனும் அன்னைக்கு கை மாறியிருந்தா, நாப்பத்தெட்டுன்னு கத்தினது நீயா இருந்திருப்ப லோகு” என்றாள் குணசுந்தரி. அவன் வாயை மூடிக்கொண்டான். இந்தமுறை சத்தியத்துக்காக அல்ல.